ஆங்கில வகுப்பும் நம் மாணாக்கரும்: ஒரு வரலாற்றாராய்ச்சி



பள்ளிகள் திறக்குங் காலம் அணுகுந்தோறும் நம் மோகனூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பெற்றோர் வாயில் முதற்கண் எழும் வினா, “அந்தப் பள்ளியிற் சேர்த்தாற் பிள்ளைக்கு இங்கிலீஷ் வருமா?” என்பதேயாம். கணக்கு வருமா, நல்லொழுக்கம் வருமா என்னும் வினாக்கள் அதன் பின்னரே பிறக்கின்றன. இவ்வொரு வினாவின்பொருட்டுக் கறவை மாட்டை விற்றோரும், நகையை அடகு வைத்தோரும், காவிரிக்கரை நஞ்செயை ஒற்றிக்கு விட்டோரும் நம்முள் உளர். இத்துணைப் பொருளும் மனக்கவலையும் செலவிடப்படும் ஒரு காரியத்தின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? தமிழ் கற்பிக்கும் தொழிலினராகிய யாம் ஆங்கில வகுப்பைப் பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். அடுத்த அறையில் நிகழ்வதைச் சுவர்க்கு இப்பாலிருந்து நெடுநாட் கேட்டவர்க்கும் சொல்லத்தக்கன சில உண்டு என்னுந் துணிபாலேயே எழுதுகின்றேம்.

இங்கிலீஷ் “வருதல்” என்பது எல்லாக் காலத்தும் ஒரே பொருளைத் தந்ததன்று. ஒரு காலத்தில் அழகிய கையெழுத்தும் பிழையற்ற நகலும் அதன் பொருளாயின. பிறிதொரு காலத்தில் இலக்கணக் கூறுகளைப் பிரித்துக் காட்டுதல் பொருளாயிற்று. பின்னர் வாக்கிய அமைப்புகளைப் பிறழாது திருப்பிச் சொல்லுதல் பொருளாயிற்று. இந்நாளிற் கூச்சமின்றிப் பேசுதல் பொருளாயிருக்கின்றது. மாணாக்கனிடம் இவற்றை எதிர்பார்த்தவர் யாவர், எதன்பொருட்டு எதிர்பார்த்தனர் என்பதை முறையாக நோக்குவோமாயின், நாம் எதனை எதிர்பார்த்தல் வேண்டும் என்பதும் தானே தெளிவுறும்.

முதற்கண் ஆங்கிலம் வருமுன் இருந்த நிலையைக் காண்போம். சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் ஜில்லாக் கலெக்டர்கள் அனைவரையும் தத்தம் பகுதியிலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்தனுப்புமாறு பணித்தார். 1826-ஆம் ஆண்டில் முடிவுற்ற அக்கணக்கின்படி, ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சம் மக்களிருந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகளே. ஆங்கு மாணாக்கன் மணலில் எழுதிப் பழகி, ஓலையிற் கீறிக் கற்று, எண்சுவடியையும் நீதிநூல்களையும் நிகண்டையும் மனப்பாடமாக ஒப்பித்தான். பொருள் பின்னர் விளங்கும், சொல் முன்னர் நாவிற் பதிய வேண்டும் என்பதே அப்பள்ளியின் முறை. தாய்மொழியில் அம்முறை கேடு விளைத்திலது. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் கேட்ட சொற்களாதலின், மனப்பாடஞ் செய்தவற்றின் பொருள் காலப்போக்கில் தானே விளங்கிற்று. அம்முறையையே வீட்டில் ஒருவரும் பேசாத மொழிக்கும் கொண்டு சென்றதே பின்னாளில் நேர்ந்த இடர்களிற் பலவற்றிற்கு வேர் என்பது எம் கருத்து.

இனி ஆங்கிலப் பள்ளிகளின் தோற்றத்தை நோக்குவோம். சென்னைக் கோட்டையில் 1715-ஆம் ஆண்டிலேயே தூய மரியாள் கோவிலைச் சார்ந்த தருமப் பள்ளி ஒன்று தோன்றியது. 1785-ஆம் ஆண்டளவில் சுவார்த்து ஐயரும் ஜான் ஸல்லிவன் என்பவரும் முயன்று தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் நம்மவர்க்கு ஆங்கிலங் கற்பிக்கும் பள்ளிகளை நிறுவினர். 1835-ஆம் ஆண்டு மெக்காலே எழுதிய குறிப்பும், அதனையொட்டிக் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கு பிரபு பிறப்பித்த தீர்மானமும் அரசாங்கக் கல்விப் பணத்தை ஆங்கிலக் கல்வியின்பாற் றிருப்பின. 1844-ஆம் ஆண்டு ஹார்டிஞ்சு பிரபு, அரசாங்க உத்தியோகங்களில் ஆங்கிலங் கற்றார்க்கு முதன்மை தரப்படும் என்று ஆணையிட்டார். சென்னையில் 1841-ஆம் ஆண்டு பவல் துரையைத் தலைமையாசிரியராகக் கொண்டு ஓர் உயர்தரப் பாடசாலையும், 1842-ஆம் ஆண்டு பச்சையப்ப முதலியாரின் அறப்பொருளைக் கொண்டு மற்றொரு பள்ளியும் எழுந்தன.

இவ்வாணைகளை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலப்படும். மாணாக்கனிடம் முதன்முதல் எதிர்பார்க்கப்பட்டது ஆங்கிலப் புலமையன்று. கச்சேரிக்கு வேண்டிய ஆங்கிலமே. துரை சொல்வதைப் பிழையின்றி எழுத வேண்டும். ஆகவே “டிக்டேஷன்” வந்தது. வந்த கடிதத்தைத் தெளிவாக நகலெடுக்க வேண்டும். ஆகவே “காபி” எழுதுதல் வந்தது. தமிழிலுள்ள மனுவை ஆங்கிலத்திலும், ஆங்கில உத்தரவைத் தமிழிலும் பெயர்க்க வேண்டும். ஆகவே மொழிபெயர்ப்பு வந்தது. இன்றும் நம் சிறார் நான்குவரி நோட்டில் ஆங்கில எழுத்தை உருட்டி எழுதுகின்றனர். அப்பழக்கத்தின் பின்னே பழைய கச்சேரிக் குமாஸ்தாவின் மேசை நிற்பதை யாவரே நினைப்பர்!

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. நம் சேலத்தில் இந்நாள் அரசு கலைக் கல்லூரியாக விளங்கும் நிலையமும் அவ்வாண்டிலேயே ஒரு பள்ளியாகத் தொடங்கப்பெற்றது. பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் பரீட்சையே அதன்பின் உயர்தரப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் வாயிற்படியாயிற்று. அடுத்த ஆண்டு அப்பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டத்தை முதன்முதல் எய்திய இருவரும், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் ஆவர். அவருள் தாமோதரம் பிள்ளையே பிற்காலத்தில் ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய பெருந்தகை. ஆங்கில வகுப்பிற் சிறந்தவர் தமிழை மறப்பர் என்று அஞ்சுவார்க்கு இவர் வரலாறே தக்க விடையாகும்.

மெட்ரிகுலேஷன் காலத்து ஆங்கில வகுப்பின் இயல்பை இனிக் கூறுவேம். ஆங்கிலச் செய்யுளையும் உரைநடையையும் படித்து அவற்றை வேறு சொற்களில் எழுதுதல், ஒவ்வொரு சொல்லும் இன்ன வகையது என்று இலக்கணக் கூறு காட்டுதல், நெடிய வாக்கியத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்தல், கொடுத்த பொருள்பற்றிக் கட்டுரை வரைதல் ஆகியன மாணாக்கனிடம் எதிர்பார்க்கப்பட்டன. 1890-களில் வெளிவந்த நெஸ்பீல்டு துரையின் இலக்கண நூல்கள் இவ்வகைப் பயிற்சிக்குப் பெருந்துணையாயின. மழையும் வெயிலும் அறிந்த உழவர் மகன், தான் ஒருநாளும் காணாத பனிபடர்ந்த வயலையும் மலரையும் பற்றிய செய்யுளுக்கு உரை எழுதினான். பொருள் விளங்கியவன் எழுதினான். விளங்காதவன் ஆசிரியர் கூறிய உரையை நெட்டுருச் செய்து எழுதினான். பரீட்சகர்க்கு இருவரும் ஒன்றாகவே தோன்றினர். திண்ணைப் பள்ளியின் ஒப்பித்தல் முறை இவ்வாறே புத்தாடை புனைந்து ஆங்கில வகுப்பிற் குடிபுகுந்தது.

இம்முறையின் கொடுமைக்கு நம் காவிரிக்கரையே ஓர் எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. கணிதமேதை சீனிவாச இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நமக்கு மேற்கே ஈரோட்டிற் பிறந்தவர். அவர் குடும்பத்தார் வழிபட்ட தெய்வமோ நம் நாமக்கல்லில் வீற்றிருக்கும் நாமகிரித் தாயார். கும்பகோணம் நகர உயர்தரப் பாடசாலையிற் பயின்று தேறி, 1904-ஆம் ஆண்டு உதவித்தொகையுடன் அவ்வூர் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்தில் ஈடுபட்ட உள்ளம் பிறவற்றிற் செல்லாமையின் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்திற் றவறினார், உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எப்.ஏ. பரீட்சையிற் றேறவில்லை. 1912-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுக அலுவலகத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிற் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் கணித அறிஞர்க்கு அவர் எழுதிய கடிதமே அவர் வாழ்வைத் திருப்பிற்று. 1918-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார்.

இவ்வரலாற்றிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஹார்டிக்குச் சென்ற கடிதமும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. தாம் இன்னார், தம் நிலை இது, தாம் கண்ட கணித உண்மைகள் இவை என்று சொல்லுதற்கு வேண்டிய ஆங்கிலம் இராமானுஜனிடம் இருந்தது; பரீட்சகர் விரும்பிய ஆங்கிலமே இல்லை. முன்னது அவரைக் கடல் கடத்திற்று. பின்னதன் குறை அவரைக் கல்லூரியினின்று வெளியேற்றிற்று. அவர்தம் அறிவின் பெருமையால் உலகம் அவரை அறிந்துகொண்டது. அவ்வாறு அறியப்படாமல் ஆங்கிலப் பரீட்சையோடு கல்வியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் எத்துணையர் என்று யாவரே எண்ணிச் சொல்ல வல்லார்?

ஆளுங் கூட்டத்தாரும் இக்குறையை அறியாதவரல்லர். கர்ஸன் பிரபுவின் அரசாங்கம் 1904-ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானத்தில், பிள்ளை தாய்மொழியில் நன்கு வேரூன்றிய பின்னரே ஆங்கிலத்தைப் பாடமாகத் தொடங்குதல் வேண்டும் என்றும், பதின்மூன்று வயதிற்குமுன் பிற பாடங்களை ஆங்கிலத்தின் வாயிலாகக் கற்பித்தல் தகாது என்றும் கூறப்பட்டது. 1911-ஆம் ஆண்டளவில் மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாக எஸ்.எஸ்.எல்.ஸி. முறை நம் மாகாணத்தில் வந்தது. ஒரு நாட் பரீட்சையை மட்டும் நம்பாது, வகுப்பிற் பெற்ற மதிப்பெண்களையும் ஒரு புத்தகத்திற் பதிதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. 1930-களின் பிற்பகுதியில், உயர்தரப் பாடசாலைகளில் வரலாறு, கணிதம் முதலியவற்றைத் தாய்மொழியிலேயே கற்பிக்கும் ஏற்பாடு பரவிற்று. அதன்பின் ஆங்கிலம் எல்லாப் பாடங்களின் வாயிலாயிருந்த நிலை மாறி, பெரும்பாலான பள்ளிகளில் ஒரு பாடமாக நின்றது.

இக்காலத்தேதான் நம்போன்ற வேளாண் குடியினரும் கைத்தொழிற் குடியினரும் பிள்ளைகளை உயர்தரப் பாடசாலைக்கு மிகுதியாக அனுப்பத் தலைப்பட்டனர். பல குலத்தார் சங்கங்கள் அமைத்து, நகரங்களில் மாணவர் விடுதிகளை நிறுவியதும் இதன்பொருட்டே. ஆனால், முன்னரே எழுத்துத்தொழிலிற் பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஆங்கில வகுப்பில் ஒரு வேற்றுமை இருந்தது. அவனுக்கு வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வரும். தந்தையோ தமையனோ ஐயம் தீர்ப்பர். நம் பிள்ளைக்கு வகுப்பு மணி அடித்ததோடு ஆங்கிலம் முடிந்துவிடும். இருவரிடமும் ஒன்றே எதிர்பார்க்கப்பட்டது; இருவர்க்கும் ஒன்றே கொடுக்கப்படவில்லை. இதனை உணராத பெரியோர், “நம் பிள்ளைகளுக்கு மூளை அவ்வளவுதான்” என்று தாமே தீர்ப்புரைத்தனர். பெண்மக்கள் திறத்திலோ இத்தீர்ப்பு இன்னுங் கடுமையாயிற்று. மகன் ஆங்கிலத்திற் றவறினால் மறுமுறை எழுதச் செய்தனர். மகள் தவறினால் அதனையே சாக்காகக் கொண்டு மணம் பேசினர். இவ்வழக்கம் முற்றும் ஒழிந்தது என்று நெஞ்சறியச் சொல்ல நம்மால் இயலுமா என்பதைச் சங்கத்தார் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

விடுதலைக்குப் பின்னர் நிகழ்ந்தவற்றையும் சுருங்கக் கூறுவேம். 1935-ஆம் ஆண்டு வெளிவந்த ரென், மார்ட்டின் என்பாரது இலக்கணநூல் இன்றளவும் பல வீடுகளில் இருக்கின்றது. விதிகளைக் கற்றால் மொழி வரும் என்பது அதன் காலத்து நம்பிக்கை. 1950-களில் நம் மாகாணத்தில் வாக்கிய அமைப்பு முறை புகுந்தது. எளிய வாக்கியங்களை வரிசைப்படுத்தி, பொருளைக் கையிற் காட்டி, வகுப்பு முழுவதும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லச் செய்தலே அம்முறை. அதன்பொருட்டு ஆயிரக்கணக்கான ஆசிரியர்க்குப் பயிற்சியளிக்கும் பேரியக்கமும் நடைபெற்றது. ஒருவர் பலரைப் பயிற்ற, அப்பலர் இன்னும் பலரைப் பயிற்றியமையின் அதனை உருண்டு பெருகும் பனிப்பந்துக்கு ஒப்பிட்டனர். ஆயினும் பழகிய வாக்கியத்தைப் பிழையின்றிச் சொன்ன மாணாக்கன், பழகாத ஒன்றைச் சொல்ல வேண்டியபோது வாயடைத்து நின்றான். இக்குறையைக் கண்ட என். எஸ். பிரபு என்னும் அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளிற் புதிய சோதனை ஒன்றை நடத்தினார். இரயில் கால அட்டவணை, ஊர்ப்படம் முதலியவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து விடை கண்டு கூறுமாறு பிள்ளைகளைப் பணித்தார். மனம் பொருளிற் செல்லுங்கால் மொழி தானே படியும் என்பது அவர் கொள்கை. நம் தாய்மார் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் முறையும் இதுவேயன்றோ!

1968-ஆம் ஆண்டு நம் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கையைத் தீர்மானித்தது. 1978-ஆம் ஆண்டு மேனிலைக் கல்வி வந்தது. 2010-ஆம் ஆண்டு முதல் சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2012-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. பத்தாம் வகுப்பில் இரண்டு தாள்களாயிருந்த ஆங்கிலத் தேர்வு 2019-ஆம் ஆண்டு ஆணையால் ஒரே தாளாயிற்று. இத்தனை மாறுதல்களுக்குப் பின்னும், பத்தாம் வகுப்பு மாணாக்கன் பலவிடத்தும் செய்வது யாது? செய்யுளை மனப்பாடஞ் செய்கின்றான். கடிதத்தையும் நெடுவினா விடையையும் “நோட்ஸ்” பார்த்து உருப்போடுகின்றான். முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு மேற்பட்டது மிகை என்று ஒரு சாராரும், நூற்றுக்கு நூறு எடுக்காவிடில் வாழ்வில்லை என்று மற்றொரு சாராரும் அவனை இரு பக்கமும் இழுக்கின்றனர்.

ஆங்கிலமே வேண்டா என்று கூற யாம் இங்கு வந்திலேம். கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியார் உயர்ந்த ஆங்கிலக் கல்வியுடையவர். 1880-ஆம் ஆண்டு அவர் உ. வே. சாமிநாதையரைக் கண்டு, சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவித் தூண்டியிராவிடில், 1887-ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சில் வந்திராது. நம் மோகனூர் பெற்றெடுத்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ஆங்கிலப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றவரே. 1949-ஆம் ஆண்டு அரசவைக் கவிஞராக ஏற்றம் பெற்றது அவர்தம் தமிழாலன்றோ? நம்மூர்த் துறையிலிருந்து அக்கரை வாங்கலுக்குப் பரிசலிற் கடந்த காலத்தை முதியோர் நினைவு கூர்வர். பரிசல் தள்ளக் கற்றல் நன்று. பரிசலையே வீடாகக் கொள்வார் இலர். பரிசல் தள்ளத் தெரியாதவனை மனிதனல்லன் என்று ஒதுக்குவாரும் இலர். ஆங்கிலமும் அத்தகைய கருவியே.

ஆகலின், இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது இது: கம்பெனியார் தமக்கு வேண்டிய குமாஸ்தாவை எதிர்பார்த்தனர், பல்கலைக்கழகத்தார் தமக்கு வேண்டிய பரீட்சார்த்தியை எதிர்பார்த்தனர், பிள்ளைக்கு வேண்டியது யாது என்று கேட்டவர் சிலரே. அக்கேள்வியை நாமாவது கேட்போம். உயர்நிலைப் பள்ளியை விட்டு வெளிவரும் பிள்ளை, தானறியாத ஓர் ஆங்கிலப் பக்கத்தை அகராதியின் துணைகொண்டு தானே படித்துப் பொருள்கொள்ளல் வேண்டும். தன் கருத்தைச் சிறு சிறு வாக்கியங்களில், பிறர் எழுதியதைப் பார்க்காமல் எழுதுதல் வேண்டும். கேட்டது விளங்காவிடின், விளங்கவில்லை என்று கூசாமல் ஆங்கிலத்திலேயே சொல்லுதல் வேண்டும். படித்ததைத் தமிழில் தன் தாய்க்கு எடுத்துரைக்கவும் வல்லனாதல் வேண்டும். இந்நான்கும் கைவந்தால் மதிப்பெண் தொடர்ந்து வரும். வாராவிடினும் வாழ்வு கெடாது. இவற்றுள் இறுதியது எமக்கு மிக முதன்மையாகப் படுகின்றது. தாய்க்கு விளக்க முடியாத கல்வி நாவில் நிற்குமேயன்றி நெஞ்சில் நில்லாது.

பிள்ளைகளிடம் இவற்றை எதிர்பார்க்கும் நாம் அவர்க்குச் செய்ய வேண்டுவனவும் உள. சங்கக் கட்டடத்தில் ஓர் ஆங்கில நாளிதழும் நல்லதோர் அகராதியும் எளிய கதைநூல்கள் சிலவும் வைத்தல் பெருஞ்செலவன்று. நம்முட் கல்லூரி சென்ற இளைஞரும் மகளிரும் ஞாயிறுதோறும் ஒரு நாழிகை பள்ளிப் பிள்ளைகளுடன் அமர்ந்து படித்தல் கூடாததன்று. ஆண்டுதோறும் மதிப்பெண் மிகுந்தார்க்கே பரிசளிக்கும் நாம், ஆங்கிலத்தில் ஒருமுறை தவறி மறுமுறை முயன்று தேறியவர்க்கும் ஒரு பரிசு ஏற்படுத்தினால், தளர்ந்த எத்தனையோ உள்ளங்கள் நிமிரும். எல்லாவற்றினும் மேலாக, ஆங்கிலத் தேர்வு ஒன்றன்பொருட்டு எந்தப் பெண்ணின் படிப்பையும் நிறுத்துவதில்லை என்று நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் உறுதி கொள்ளல் வேண்டும். இக்கருத்துகளை அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுத்துப் பேசுமாறு சங்கத் தலைவரையும் உறுப்பினரையும் வேண்டி, இக்கட்டுரையை முடிக்கின்றேம்.

கல்வி ஓங்குக! நம் மக்கள் அச்சமின்றிக் கற்று வாழ்க!